துப்பத் தெரிந்தவர்கள்

எங்கள் கிரென்ஃபீல் தோட்டத்தில் முன்பெல்லாம் வாரியம் என்று ஒன்று கிடையாது. துரை இருந்தார், கணக்கெழுதக் கிராணி இருந்தார், வேலை வாங்க மண்டோர் இருந்தார். திட்டு வாங்க வேண்டுமானால் யாரிடம் போய் நிற்க வேண்டும் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இப்போது கம்பெனி ஆபிசைக் கோலாலம்பூருக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. செம்பனைக் குலை வெட்ட வெளிநாட்டுப் பையன்கள் வந்துவிட்டார்கள். லயத்து வரிசை வீடுகளில் மிச்சமிருக்கும் நாங்கள் பக்கத்து ஊர்களான லுக்குட்டுக்கும் போர்டிக்சனுக்கும் மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போகிறோம். குன்றின்மேல் பூட்டிக் கிடந்த துரை பங்களாவுக்குச் சுண்ணாம்பு அடித்து, அதில்தான் கம்பெனி தன்னுடைய ஊலோங் சுவை வாரியத்தைக் கொண்டுவந்து உட்கார வைத்தது.

ஊலோங் என்றால் தேயிலைதான். பச்சைத் தேயிலையும் இல்லை, நாம் பாலில்லாமல் தே ஓ கலக்கும் கறுப்புத் தேயிலையும் இல்லை. இரண்டுக்கும் நடுவில் நிற்கிற ஜாதி. தைவானிலிருந்து மிளகைவிடப் பெரிய உருண்டைகளாக வரும். சுடுதண்ணீர் பட்டதும் உருண்டை பிரிந்து முழு இலையாக விரியும். முதல் தண்ணீரைக் கீழே கொட்டிவிடுவார்கள். அடுத்த தண்ணீரில் பூவாசம், அதற்கடுத்ததில் பழுத்த பீச் பழத்தின் வாசம், அதற்கும் அப்புறம் வறுத்த முந்திரி வாசம். ஒரே இலை, ஊற்ற ஊற்ற வேறு வேறு குணம் காட்டும். பங்களாவில் புல் வெட்டுகிறவன் நான். மிச்சம் மீதி எனக்கும் கிடைக்கும். நல்ல சரக்கு, அதில் குறை சொன்னால் நாக்கு அழுகிப் போகும். விழுங்கிக் கொஞ்ச நேரம் கழித்துத் தொண்டையிலிருந்து ஓர் இனிப்பு மெல்ல மேலேறி வரும். ‘தொண்டையில் திரும்பி வரும் இனிப்பே உயர்ந்த ஊலோங்கின் உயிர்’ என்று வரவேற்பறைச் சுவரில் பெரிய எழுத்தில் எழுதியும் வைத்திருந்தார்கள்.

வாரியத்தில் மூன்று பேர். தலைவர் இராஜமாணிக்கம், டத்தோ பட்டம் வாங்கியவர். மைக் இருக்கும் இடத்தில் மட்டும் அவருக்கு முட்டி வலிக்காது. சுவை நிபுணர் எட்மண்ட். தைவானுக்குப் போய் இரண்டு வாரம் படித்துவிட்டு வந்து, அன்றிலிருந்து காரச் சம்பல் சாப்பிடுவதில்லை. மூன்றாவது மிஷெல், விளம்பரம் அவள் பொறுப்பு. மூவர் கழுத்திலும் ஒரு வெள்ளிக் கரண்டி தொங்கும். கரண்டியில் தேநீரை அள்ளி ‘சர்ர்ர்’ என்று உறிஞ்சுவார்கள், வாய்க்குள் சுற்றுவார்கள், கண்ணை மூடுவார்கள், பிறகு பக்கத்தில் நிற்கிற பித்தளைச் செம்பில் துப்புவார்கள். விழுங்கக் கூடாது என்பது வாரியத்தின் முதல் சட்டம். விழுங்கினால் நாக்கு மந்தமாகிவிடுமாம்.

“விழுங்காம தொண்டையில இனிக்கிறது எப்படி சார் தெரியும்?” என்று எட்மண்ட்டை ஒருநாள் கேட்டேன்.

“டிரெயினிங் லா, சன்னாசி” என்றார்.

இதெல்லாம் அவர்கள் பாடு என்று நாங்கள் விட்டிருப்போம். ஆனால் கம்பெனி ஒரு புதுச் சட்டம் போட்டது. வாய்க்குள் போகிற எதற்கும் சுவை உண்டு. சுவை என்று வந்துவிட்டால் அது வாரியத்தைச் சேரும். இப்படியாக எங்கள் குடிதண்ணீர், சுவை வாரியத்தின் கைக்குப் போனது. அரசாங்கக் குழாய் பெரிய ரோட்டோடு நின்றுவிட்டதால் குன்றுக்குப் பின்னால் இருக்கிற பழைய தண்ணீர்த் தொட்டி, நாங்கள் சொல்லும் தங்கி, அதுதான் எங்களுக்கும் பங்களாவுக்கும் தண்ணீர் கொடுக்கிறது. வாரியம் அதற்கு ஒரு பெரிய பூட்டுப் போட்டு, ஒரு ஜாகாவையும் காவலுக்கு நிறுத்தியது. பூட்டில் கை வைக்கிறவன் லயத்து வீட்டைக் காலி பண்ண வேண்டும் என்றும் சொல்லிவிட்டார்கள். வீடு கம்பெனி வீடு. பூட்டிய பூட்டை வெறித்துப் பார்க்கத்தான் எங்களுக்கு உரிமை.

பூட்டு இருந்தது, மூடியின் ஒரு பக்கம் துருப்பிடித்துப் பெயர்ந்தும் இருந்தது. மழைக்காலத்தில் ஒரு குரங்கு அந்த வழியாக உள்ளே விழுந்துவிட்டது.

முதலில் மோப்பம் பிடித்தவள் என் பக்கத்து வீட்டுக் குமுதவல்லி. அவள் போர்டிக்சன் இராணுவ முகாம் கேண்டீனில் பாத்திரம் கழுவுகிறவள். வாய் சும்மா இருக்காது. “அண்ணே, குழாயைத் தொறந்தா கறி வேகுற வாசம் வருது. நம்ம வீட்டுல கறி எடுத்தே மாசக்கணக்காச்சு, இது யார் வீட்டுக் கறி?” என்று வேலிக்கு மேலாகக் கேட்டாள்.

அவள் புருஷன் குணாளன் லோரி ஓட்டுகிறவன். அதிர்ந்து பேசமாட்டான், யாராவது அதட்டினால் அதற்கும் நன்றி சொல்லுகிற ரகம். அவன்தான் ஜாகாவிடம் கெஞ்சி மேலே ஏறி, பெயர்ந்த இடத்தின் வழியாக எட்டிப் பார்த்தான். இறங்கி வந்து தென்னை மரத்தடியில் வாந்தி எடுத்தான். “குரங்குண்ணே. ஊதிக் கெடக்கு” என்றான்.

புகார் சொல்லப் பங்களாவுக்குப் போனோம். குணாளன் வேலையிலிருந்து நேராக வந்திருந்தான், சட்டையெல்லாம் செம்பனைச் சேறு. மூவரும் நீள மேசைக்குப் பின்னால் இருந்தார்கள்.

“சொல்லுங்க தம்பி. சுவைப் புகாரா, மணப் புகாரா?” என்றார் டத்தோ.

“குரங்கு, டத்தோ. தங்கியில குரங்கு செத்துக் கெடக்கு.”

“அது காரணம். வாரியம் காரணத்துக்குள்ள போறதில்ல. நாக்குல என்ன தெரியுதுன்னு சொல்லுங்க.”

குணாளன் என்னைப் பார்த்தான். நான் சுவரைப் பார்த்தேன். “நாத்தம் தெரியுது, டத்தோ” என்றான்.

“நாத்தம்னு ஒரு சுவை நோட்டே கிடையாது, புரோ” என்றார் எட்மண்ட் பொறுமையாக. “பூவா, பழமா, மண்ணா, இரும்பா? அதுல ஒண்ணு சொல்லணும்.”

“நாக்கே இல்லாதவர்கிட்ட நாம கேட்டுக்கிட்டு இருக்கோமோ?” என்று மிஷெல் கவலைப்பட்டாள். உடனே நாக்குத் தகுதிப் பரீட்சை வைப்பதென்று முடிவானது. சின்னச் சின்னக் கிண்ணங்களில் ஊலோங் வரிசையாக வந்தது. குணாளன் காலையிலிருந்து லோரியில் காய்ந்து வந்தவன். உபசாரம் என்று நினைத்துவிட்டான். ஒவ்வொரு கிண்ணத்தையும் இரண்டு கையாலும் எடுத்துக் குடித்து, ஒவ்வொன்றுக்கும் “தேங்கியூ டத்தோ” என்றான்.

பித்தளைச் செம்பு அவன் பக்கத்தில் காலியாகவே இருந்தது.

“விழுங்கிட்டாரு” என்றாள் மிஷெல்.

டத்தோ நாற்காலியில் சாய்ந்தார். “தம்பி, விழுங்கினவர் சாட்சி இங்க செல்லாது. நாக்குல இருக்கிற வரைக்கும்தான் அது சுவை. தொண்டையைத் தாண்டிட்டா அது வெறும் வயித்துப் பிரச்சினை. வயிறு வேற டிபார்ட்மெண்ட். விழுங்கினது உங்க தப்பு. அதை நாங்க மன்னிக்கிறோம். புகாரைத்தான் ஏத்துக்க முடியாது.”

வெளியே வந்து மோட்டாரைக் கிளப்பினோம். பாதி இறக்கத்தில் குணாளன் பின்னாலிருந்து என் தோளைத் தட்டினான். “அண்ணே, இப்பதான் தொண்டையில இனிக்குது. நெசமாவே நல்ல தேத்தண்ணிதான்” என்றான். அப்படிப்பட்டவன்.

தண்ணீரைக் காய்ச்சித்தான் குடித்தோம், காட்டுமிராண்டிகள் இல்லை. ஆனால் குடிக்கிறதைக் காய்ச்சலாம். வாய் கொப்பளிக்கிறதை, கீரை அலசுகிறதை, தட்டுக் கழுவுகிறதை எல்லாம் காய்ச்ச எவன் வீட்டில் அடுப்பு ஓயாமல் எரியும்? லயத்தில் ஒவ்வொரு வீடாக வயிறு கெட்டது. குமுதவல்லிக்குக் காய்ச்சல் வந்து இறங்கவே இல்லை.

பங்களாவின் தண்ணீரும் அதே தங்கிதானே. அவர்களுக்கும் ஏதோ தட்டுப்பட்டிருக்க வேண்டும். ஒருநாள் பேட்டரி வண்டியில் மூவரும் லயத்துக்கு இறங்கி வந்தார்கள். குழாய் நுனியிலேயே சோதிக்க வேண்டுமாம். குணாளன் வீட்டு வாசலில் மேசை போட்டு, கேஸ் அடுப்பு வைத்து, அவன் வீட்டுக் குழாயிலேயே தண்ணீர் பிடித்துக் கொதிக்க வைத்து ஊலோங்கில் ஊற்றினார்கள். நாங்கள் சுற்றி நின்றோம். ஒழிந்தது பீடை, இனித் தங்கியைக் கழுவிவிடுவார்கள் என்று எல்லார் முகத்திலும் ஒரு தெளிவு. எதிர் வீட்டுப் பஞ்சாலை அக்கா முருகனுக்கு வேண்டிக்கொண்டுகூட இருந்தாள்.

எட்மண்ட் உறிஞ்சினார். சுற்றினார். கண்ணை மூடினார். செம்பைக் கொண்டுவர மறந்திருந்தார்கள் போல. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குமுதவல்லியின் துளசித் தொட்டியில் துப்பினார்.

“டத்தோ” என்றார். கரண்டியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டார். “மேல ஆர்க்கிட். நடுவுல தேன். அடியில ஒண்ணு இருக்கு, டத்தோ. மிருகத்தனமா, ஆழமா. கஸ்தூரி மாதிரி. என் சர்வீஸ்ல நான் இதைச் சந்திச்சதே இல்ல.”

டத்தோவும் உறிஞ்சித் துளசித் தொட்டியில் துப்பினார். மிஷெலும் துப்பினாள். உள்ளே பாயில் கிடந்த குமுதவல்லி, “யாருங்க வாசல்ல துப்புறது? வீட்டுல ஆளிருக்கு” என்றாள். காய்ச்சலில் குரல் எழும்பவில்லை. எங்களுக்குத்தான் கேட்டது.

டத்தோவுக்கு மைக் இல்லாமலே பேச்சு வந்துவிட்டது. “என் அன்பான தோட்டத்துச் சொந்தங்களே, ஊலோங் எந்த மலையில விளைஞ்சதுன்னு உலகமே பேசுது. எந்தத் தண்ணியில கரையுதுன்னு யாரும் பேசல. இந்தத் தண்ணியில ஒரு தன்மை இருக்கு. அந்தத் தன்மையை நீங்க தலைமுறை தலைமுறையா உங்களுக்கே தெரியாமக் காப்பாத்தி வச்சிருக்கீங்க. நீங்க குடிக்கிறீங்க, நாங்க ரசிக்கிறோம். ரெண்டும் சேர்ந்தாத்தான் சமுதாயம். இனிமே இந்தத் தங்கியை யாரும் கழுவ முடியாது. வாரியம் உங்களோட இருக்கு.”

“டத்தோ, அது குரங்கு” என்றாள் பஞ்சாலை அக்கா.

“அம்மா, முத்துச் சிப்பிக்குள்ள இருக்கிறது என்னன்னு போய் ஆராய்ச்சி பண்ணா யாராவது முத்து மாலை போடுவாங்களா?” என்று சிரித்தார். பின்னால் நின்ற மிஷெல் அதைப் போனில் பதிவு செய்துகொண்டாள்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் வேகமாக நடந்தது. தங்கியைச் சுற்றி முள்வேலி வந்தது. ‘தன்மைப் பாதுகாப்புப் பகுதி’ என்று மலாயிலும் ஆங்கிலத்திலும் பலகை வந்தது. ‘கிரென்ஃபீல் கஸ்தூரி ஊலோங்’ வந்தது. பாரோயிலிருந்தும் கோலாலம்பூரிலிருந்தும் கார்கள் வந்தன. காரில் வந்தவர்களுக்கும் ஆளுக்கொரு சின்னச் செம்பு கொடுத்தார்கள். காசு கொடுத்து வாங்கியதைத் துப்புவதுதான் பெரிய மனுஷத்தனம் என்று அவர்களும் ஒரே நாளில் கற்றுக்கொண்டார்கள். செம்புகளைச் செடிக்குக் கொட்டுவது என் வேலை. செடிகள் நன்றாகத்தான் வளர்ந்தன.

குமுதவல்லியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். டைபாய்டு என்றார் டாக்டர். மருந்தில் காய்ச்சல் தணிந்ததும் வீட்டுக்கு அனுப்பினார்கள். “மருந்தைவிட முக்கியம் தண்ணி. அந்தத் தண்ணி இவங்க வாயில படவே கூடாது” என்று டாக்டர் குணாளனிடம் திரும்பத் திரும்பச் சொல்லி அனுப்பினார்.

குணாளன் அதைப் பிடித்துக்கொண்டான். லுக்குட்டில் அவன் லோரி பழுது பார்க்கிற பட்டறையில் டிரம்களில் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்தான். நாலைந்து தடவை வந்தது. லயமே அந்தத் தண்ணீரில் வாய் கொப்பளித்தது; பிள்ளைகள் முகத்தில் களை திரும்பியது. பிறகு ஒருநாள் தோட்டத்துக் கேட்டில் ஜாகா மறித்தான். வெளித்தண்ணீர் உள்ளே வரக்கூடாது என்று வாரியம் உத்தரவு போட்டிருந்தது. ஜாகா நேப்பாளத்துப் பையன். மன்னிப்புக் கேட்டுக்கொண்டேதான் டிரம்களைச் சாய்த்தான். தண்ணீர் ரோட்டில் ஓடியதைக் குணாளன் பார்த்துக்கொண்டே நின்றான்.

மறுபடியும் பங்களா. மறுபடியும் நீள மேசை.

“வெளித்தண்ணி சாக்கடைக்குள்ள போகும், சாக்கடை ஓடைக்குப் போகும், ஓடையிலிருந்துதானே தங்கிக்கு ஏத்துறோம்?” என்றார் எட்மண்ட். “அப்புறம் கஸ்தூரி நோட்டு என்ன ஆகும்? யோசிங்க, புரோ.”

ஓடையில் சாக்கடை கலக்கிறது என்பதை வாரியமே சொல்லித்தான் நாங்கள் தெரிந்துகொண்டோம். அதைச் சொன்ன வாய்க்கு அது உறைக்கவில்லை.

குணாளன் அன்றைக்குத்தான் முதல் தடவையாகக் குரலை உயர்த்தினான். அவன் உயர்த்திய குரல் மற்றவர்கள் சாதாரணமாகப் பேசுகிற அளவுதான் இருக்கும். “டத்தோ, என் பொண்டாட்டி செத்துருவா, டத்தோ. டாக்டர் சொல்லிட்டாரு. ஒரே ஒரு டிரம்மு. அவளுக்கு மட்டும்.”

“டாக்டர் நல்லவர்தான். ஆனா அவர்கிட்ட இருக்கிறது காய்ச்சல் பாக்குற கருவி. நாக்கு இல்ல” என்றார் டத்தோ. “ஒரு குடும்பத்துக்காக ஒரு ரகத்தையே இழக்கச் சொல்றீங்களா? நாளைக்கு வரலாறு என்னைக் கேக்கும், தம்பி. உங்களைக் கேக்காது.”

மிஷெலுக்கு மனசு கேட்கவில்லை. எழுந்து போய் வெல்வெட் பெட்டியில் கஸ்தூரி ஊலோங் கொண்டுவந்து குணாளன் கையில் வைத்தாள். “சிஸ்டருக்குக் குடுங்க. தொண்டைக்கு இதமா இருக்கும்” என்றாள். அவள் கெட்டவள் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

பெட்டியைக் குணாளன் வீசி எறிவான் என்று நினைத்தேன். வீட்டுக்குக் கொண்டுபோய், குழாய்த் தண்ணீரை நெடுநேரம் கொதிக்க விட்டு, அந்த இலையைப் போட்டு ஒரு கிளாஸ் கலந்து அவளுக்குக் கொடுத்தான். அவள் ஒரு வாய் குடித்தாள்.

“பூவாசம் வருதுங்க” என்றாள். கொஞ்சம் பொறுத்து, “அடியில அந்தக் குரங்கும் வருது” என்றாள். சிரிக்கப் பார்த்தாள். மீதியை என்னிடம் நீட்டி, “நீங்க குடிங்கண்ணே, உங்களுக்குத்தான் பங்களா வாய்” என்றாள். நான் வாங்கிக் கீழே வைத்தேன்.

காய்ச்சல் திரும்பி வந்தது. இந்தத் தடவை ஆஸ்பத்திரியில் குடல் ஓட்டையாகிவிட்டது என்றார்கள். அறுவை செய்தும் பார்த்தார்கள். மறுநாள் மத்தியானம் போய்விட்டாள்.

வேனில் கொண்டுவந்து வாசலில் இறக்கினோம். பெண்கள் அழுது ஓய்ந்தார்கள். உடம்பைக் குளிப்பாட்டத் தண்ணீர் எடுக்கப் போன பஞ்சாலை அக்கா குழாயைத் திறந்துவிட்டு அப்படியே மூடினாள். திரும்பி வந்து எல்லார் முன்னாலும் கேட்டாள். “இந்தத் தண்ணியிலயா இவளைக் குளிப்பாட்டச் சொல்றீங்க?”

குணாளன் எழுந்து லோரிச் சாவியை எடுத்துக்கொண்டு போனான். லுக்குட்டிலிருந்து டிரம்களோடு திரும்பி வந்தபோது நானும் பக்கத்தில் இருந்தேன். கேட்டில் ஜாகா வெளியே வந்தான். லோரியையும் டிரம்களையும் குணாளன் நெற்றியில் திருநீறு கலைந்திருந்ததையும் பார்த்தான். கம்பியைத் தூக்கிவிட்டு, தொப்பியைக் கழற்றிக்கொண்டு, வேறு பக்கம் திரும்பி நின்றான். சுவை வாரியத்திடம் சம்பளம் வாங்குகிறவர்களில் அன்றைக்கு மனுஷனாக நடந்துகொண்டவன் அவன் ஒருத்தன்தான், என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அந்தத் தண்ணீரில் அவளைக் குளிப்பாட்டினார்கள். மஞ்சள் பூசிக் கூறைப்புடவை கட்டினார்கள். துக்க வீட்டில் அடுப்பு மூட்டக் கூடாது என்பதால், பஞ்சாலை அக்கா தன் வீட்டில் அதே லுக்குட் தண்ணீரில் தே ஓ கலந்து வந்தவர்களுக்கெல்லாம் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

எடுக்கப் போகிற நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் பேட்டரி வண்டி வந்தது. மூவரும் வெள்ளைச் சட்டையில் வந்திருந்தார்கள். மலர் வளையத்தின் நாடாவில் ‘கிரென்ஃபீல் கஸ்தூரி ஊலோங் குடும்பம்’ என்று எழுதியிருந்தது. டத்தோ சவப்பெட்டியருகே நின்று கைகூப்பினார். உண்மையிலேயே கண் கலங்கியிருந்தது. மிஷெல் அழுதாள். கரண்டிகள் கழுத்திலேயே தொங்கின.

பஞ்சாலை அக்கா மரியாதைக்கு ஆளுக்கொரு கிளாஸ் நீட்டினாள். துக்க வீட்டில் கொடுப்பதை வேண்டாம் என்று சொல்லக் கூடாது என்பது டத்தோவுக்கும் தெரியும். வாங்கிக்கொண்டார்கள். அப்புறம் கை பழக்கப்படி நடந்தது. மூன்று கரண்டியும் கிளாசுக்குள் இறங்கின. ‘சர்ர்ர்’ என்று சத்தம் கேட்டு ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த கிழவிகள்கூட நிறுத்திவிட்டார்கள். மூவரும் வாய்க்குள் சுற்றினார்கள், கண்ணை மூடினார்கள். மூடிய கண்ணைத் திறந்ததும் செம்பைத் தேடினார்கள். செம்பு இல்லை. குமுதவல்லியின் தலைமாட்டுப் பக்கம் வாசலோரம் அந்தத் துளசித் தொட்டி இருந்தது. மூவரும் வரிசையாகப் போய் அதில் துப்பினார்கள்.

டத்தோ வாயைத் துடைத்துக்கொண்டு எட்மண்ட்டைப் பார்த்தார். “தன்மையே இல்லையே?”

“செத்த தண்ணி, டத்தோ” என்றார் எட்மண்ட் தாழ்ந்த குரலில்.

“லுக்குட் தண்ணி” என்றாள் பஞ்சாலை அக்கா.

“வெளித்தண்ணியா? இந்த மாதிரி நேரத்துலயா?” டத்தோவின் முகத்தில் நிஜமான வருத்தம் இருந்தது. “கடைசி நாள்லகூட அந்தப் பொண்ணுக்கு நம்ம தன்மையைக் குடுக்க முடியாமப் போச்சே.”

குணாளன் பெட்டியின் காலடியில் உட்கார்ந்திருந்தான். எழுந்திருக்கவில்லை. டத்தோவை அண்ணாந்து பார்த்தான். அடிக்கப் போகிறான் என்று நான் பயந்தேன். அடித்தால் நன்றாயிருக்கும் என்றும் நினைத்தேன். அவன் எப்போதும் போல மெதுவாகத்தான் பேசினான்.

“டத்தோ, அவளும் உங்களை மாதிரி துப்பியிருந்தா இருந்திருப்பா இல்ல?”

டத்தோ குனிந்து அவன் தோளில் கை வைத்தார்.

“அதைத்தானே தம்பி நாங்க மொத நாளே சொன்னோம்” என்றார், அன்பாக. “விழுங்கக் கூடாதுன்னு.”

பிறகு, “போயிட்டு வர்றோம்” என்று சொல்லி எல்லாரையும் கும்பிட்டுவிட்டு வண்டியில் ஏறினார். துக்க வீட்டில் வர்றோம் என்று யாரும் சொல்வதில்லை. வண்டி குன்றில் ஏறி மறைந்தது. பஞ்சாலை அக்கா எழுந்து போய், டிரம்மில் மிச்சமிருந்த தண்ணீரை ஒரு வாளியில் மொண்டு வந்து, துளசித் தொட்டியையும் அவர்கள் நின்ற இடத்தையும் ஊற்றி ஊற்றிக் கழுவினாள். லுக்குட்டிலிருந்து கொண்டுவந்த தண்ணீர்; வீணாகிறதே என்று யாரும் சொல்லவில்லை.